படிக்காமல் போட்ட கையெழுத்து

தம்பி,

நீ சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். அப்பன் போன் செய்தால் எடுப்பதில்லை. உன் அம்மாவிடம் பேசுகிறாய். பக்கத்தில் என் செருமல் கேட்டால் "அப்புறம் கூப்புடுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். கோயம்புத்தூருக்கு பஸ் ஏறி வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். வந்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். நாலு வார்த்தை நிதானமாகப் பேசுவேன், ஐந்தாவது வார்த்தையில் கோபம் முந்திக்கொள்ளும், பிறகு நீ ஒரு பக்கம் பார்ப்பாய், நான் ஒரு பக்கம் பார்ப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ ஒருவன்தான் படிக்க வேண்டும் என்று இல்லை, யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. நம் வக்கீலிடம் காட்டினால் தலையில் அடித்துக்கொள்வார். எதிர்த்தரப்பு வக்கீலிடம் காட்டினால் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வார். இரண்டுக்கும் நான் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குப் பாதி தெரியும், ஆனால் அந்தப் பாதியும் நான் சொல்லித் தெரிந்ததுதான் என்பதால் அதை நம்ப வேண்டாம். உன் தாத்தாவின் தோட்டம் போடிமெட்டைத் தாண்டி, கேரளத்துப் பக்கம் இருக்கிறது. நாலு ஏக்கர் ஏலக்காய், ஒரு ஓட்டு வீடு, காய் உலர்த்துகிற ஸ்டோர். போடியில் நம்மைப் போல எத்தனையோ குடும்பங்களுக்கு வீடு கீழே, வெள்ளாமை மேலே. நிலம் அந்தப் பக்கத்துக் கணக்கில் இருப்பதால் பட்டா, வரி ரசீது, நோட்டீஸ் எல்லாம் மலையாளத்தில்தான் வரும். நாங்கள் வாயால் மலையாளம் பேசிச் சமாளித்துவிடுவோம். எழுத்தைப் பார்த்தால் யாரிடமாவது நீட்டுவோம். நாற்பது வருஷமாக நான் அப்படித்தான். ஒருவர் விரலை வைத்து "இங்க போடுங்க" என்று காட்டுவார், நான் கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த ஜீப்பைப் பிடித்து இறங்கிவிடுவேன். இதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. இங்கே யாரும் நினைப்பதில்லை.

நானும் உன் தாத்தாவும் முட்டிக்கொண்ட கதையை உன்னிடம் நான் சொன்னதில்லை. போடியில் நம் ஏலக்காய்க் கடைக்குக் காய் வந்தால் உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்த்து, நிறம் பார்த்து, இரண்டைப் பிளந்து உள்ளே விதையரிசி கருப்பாக இருக்கிறதா என்று பார்த்துத் தரம் சொல்வது என் வேலை. ஒரு நாள் கடை நிறைய வியாபாரிகள். தாத்தா அவரே மூட்டையோடு லோடு ஜீப்பில் வந்து இறங்கினார். அப்பன் காய் என்பதால் தரம் கூட்டிச் சொல்கிறான் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வீறாப்பு. அவர் காயை எல்லோர் முன்னாலும் பிளந்து காட்டி, "இது ரெண்டாந் தரம்" என்றேன். அது முதல் தரம்தான், தம்பி. பார்த்த எல்லோருக்கும் தெரியும். மூட்டையைக் கட்டச் சொன்னார். "காய் என்னோடது, கண்ணு ஒன்னோடது. சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த காய் எடுப்பிலிருந்து வேறு கடைக்குக் காய் போனது. நானும் போய்க் கேட்கவில்லை. நேர்மையான ஆள் என்று கடைத்தெருவில் எனக்குப் பெயர் வந்தது, அதை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

பிறகு அவர் ஸ்டோர்ப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது கல்லூரியில் இருந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நம் வீட்டுக்குத்தான் கூட்டி வந்தேன். பத்தொன்பது நாள் இருந்தார். அந்தப் பத்தொன்பது நாளும் அவரைத் தூக்கி உட்கார வைக்கவும், கழுவிவிடவும் ஆள் வேண்டும். உன் அம்மா செய்ய வந்தாள். மருமகள் செய்வதில் அவருக்குக் கூச்சம். நான்தான் செய்திருக்க வேண்டும். இரண்டு நாள் செய்தேன். மூன்றாம் நாள் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே போனேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். "என்னைய மேல கொண்டு போயி விட்டுரு" என்று அன்றைக்கு ஆரம்பித்தவர் பத்தொன்பதாம் நாள் வரைக்கும் அதையே சொன்னார். தோட்டத்தில் காய் எடுக்க வந்துகொண்டிருந்த பவுன்தாயைக் கூப்பிட்டு, சம்பளம் பேசி, அந்த வீட்டில் அவரோடு தங்கிப் பார்த்துக்கொள்ளச் சொன்னது நான். புருஷன் இல்லாதவள், ஒரே மகள், மலையிலேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். கோர்ட்டில் நான் கொடுத்த பேப்பரில் "பிரதிவாதி எப்படியோ அந்த வீட்டுக்குள் நுழைந்து" என்று இருக்கிறது. எப்படியோ இல்லை. என் ஜீப்பில், முன் சீட்டில் உட்கார வைத்து நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

ஏழு வருஷம் அவள் பார்த்தாள். நான் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போவேன், வாசலில் உட்கார்ந்து பால் இல்லாமல் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு, மேகம் இறங்குவதற்குள் கிளம்ப வேண்டும் என்று சொல்லி இறங்கிவிடுவேன். கடைசிப் பதினோரு மாதம் அதுவும் இல்லை. அவள் போன் செய்வாள். "அண்ணே, ஐயா ஒங்கள விசாரிச்சாக, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்பாள். "சோலி கெடக்கு பவுனு, அடுத்த வாரம் வர்றேன்" என்பேன். எத்தனை அடுத்த வாரம் என்று எனக்குக் கணக்கில்லை. நான் கூப்பிட்ட சில நேரத்தில் "ஐயா தூங்குறாக" என்று அவள் சொன்னதும் உண்மை. அந்தச் சில நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, தகப்பனோடு பேசவிடாமல் தடுத்தாள் என்று எழுதிக் கொடுத்தேன். அவள் கூப்பிட்டு நான் போகாததை எழுதச் சொல்லவில்லை.

அவர் போனதும் காரியமெல்லாம் முறைப்படி முடிந்தது. பதினாறாம் நாள் விருந்து முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பவுன்தாய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "ஐயா ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாக" என்று மட்டும் சொன்னாள். உள்ளே உயில். ரிஜிஸ்தர் செய்தது, இரண்டு சாட்சிக் கையெழுத்து, எல்லாம் மலையாளம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உன் தாத்தாவின் கையெழுத்து மட்டும் தமிழில், நடுங்கி நடுங்கி. எனக்கு அந்தக் கையெழுத்தைத் தவிர ஒரு எழுத்தும் புரியவில்லை. மேலே பூப்பாறையில் மருந்துக் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். போடி வீடு எனக்கு, நாலு ஏக்கரும் மேல் வீடும் ஸ்டோரும் பவுன்தாய்க்கு. கடையில் மாத்திரை வாங்க நின்றவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். அந்த நிமிஷம் என் தலைக்குள் ஏறிய சூடு இன்னும் முழுசாக இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னைத் திருத்தப் பிறந்தவன் நீ என்று நினைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தைப் படிக்காதே. நான் இன்னும் திருந்தி முடியவில்லை.

வக்கீலைப் பார்க்கப் போனேன். மலையாளி, நல்ல கெட்டிக்காரர், நம்மிடம் பேசும்போது பாதித் தமிழ் பேசுவார். உயிலைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "அப்பாவுக்கு மலையாளம் வாசிக்க அறியுமோ?" எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. படிக்கத் தெரியாத கிழவனிடம் அவனுக்குத் தெரியாத எழுத்தில் எழுதி, பார்த்துக்கொள்ளும் பொம்பளை கையெழுத்து வாங்கிவிட்டாள் என்றால் கேஸ் நிற்கும். தெரிந்து போட்டார் என்றால் நிற்பது கஷ்டம். "பேசுவாரு. படிக்கத் தெரியாது" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அடுத்து, "ஆ ஸ்த்ரீயுமாயிட்டு வேற வல்ல பந்தமும்…" என்று இழுத்தார். அவளோடு அப்பாவுக்கு வேறு ஏதாவது உறவு உண்டா என்கிற கேள்வி எனக்குப் புரிந்தது. இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. "எழுத வேண்டியத எழுதுங்க சார்" என்றேன். பிரமாணப் பத்திரம் தயாரானபோது அவருடைய குமாஸ்தா விரலை வைத்துக் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அதுவும் மலையாளத்தில்தான் இருந்தது.

உனக்குப் பத்து வயது இருக்கும்போது கோடை லீவுக்கு மேலே போயிருந்தாய். நில அளவை பற்றி அரசாங்க நோட்டீஸ் ஒன்று வந்து, சுற்றுவட்டத்துத் தமிழ் ஆட்கள் எல்லாம் பயந்துபோய் அதைத் தூக்கிக்கொண்டு உன் தாத்தாவிடம் வந்தார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஸ்டோர் வாசலில் நின்று, ஒரு வரியை மலையாளத்தில் படிப்பார், அதைத் தமிழில் சொல்வார், அடுத்த வரிக்குப் போவார். நீ பக்கத்தில் பலாச்சுளை தின்றுகொண்டு நின்றாய். நடுவில் ஒருத்தர், "இம்புட்டு வெரசாப் படிக்கிறீகளே, எங்கனக்குள்ள படிச்சீக?" என்று கேட்டார். "படிக்காமப் போட்டு ஒரு தடவ நெலத்தத் தொலைக்கப் பாத்தேன்யா. அப்புறம் பேப்பரு வாங்கி எழுத்துக் கூட்டுனேன்" என்று தாத்தா சொல்லிச் சிரித்தார். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, தம்பி. அன்றைக்கு நானும் அங்கேதான் நின்றேன். என் கையிலும் ஒரு பலாச்சுளை இருந்தது.

அதனால்தான் சாட்சிப் பட்டியலில் உன் பெயரைப் போடலாம் என்று வக்கீல் சொன்னபோது நான் தயங்கியிருக்க வேண்டும். தயங்கவில்லை. பேரனே வந்து தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது என்று சொன்னால் ஜட்ஜ் நம்புவார் என்றார், சரி என்றேன். உனக்கு அந்த நோட்டீஸ் ஞாபகம் இருக்காது என்று நினைத்தேன். இருந்தாலும் அப்பனுக்காக மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். இரண்டாவது நினைப்புக்குத்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பொய்ச்சாட்சி சொல்ல வைப்பதற்கு யாரும் பிள்ளையைப் பெறுவதில்லை. நீ சின்ன வயதில் பென்சில் திருடிக்கொண்டு வந்தபோது உன்னைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் கொடுக்க வைத்தவன் நான். அந்த ஆளை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது குமாஸ்தா போனில் அனுப்பிய பேப்பரை உன்னிடம் காட்டினேன், பெருமையாகத்தான் காட்டினேன். நீ என் போனிலேயே ஏதோ ஒரு செயலியில் அதைத் திறந்தாய், எழுத்தெல்லாம் தமிழாக மாறியது. ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே படித்து வந்தவன் ஒரு இடத்தில் நின்றாய். "அப்பா, இதுல தாத்தாவையும் அந்த அக்காவையும் சேத்து என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?" என்றாய். "கேஸுன்னா அப்பிடித்தான்டா எழுதுவாக" என்றேன். "நீங்க படிச்சீங்களா?" "எனக்கு எங்கடா மலையாளம் தெரியும்?" "அப்ப படிக்காமயே கையெழுத்துப் போட்டீங்க." உன் குரல் ஏறவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பனக் கேள்வி கேக்குற அளவுக்கு வளந்துட்டியா?" என்று நான் கத்தினேன், நீ கையைக் கழுவிவிட்டுப் பையை எடுத்தாய். உன் அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உன் பின்னாலேயே வந்தாள். திரும்பி வந்து அவளே அந்தப் போனைப் பிடித்து எனக்கு அந்த வரியைப் படித்துக் காட்டினாள். பாதி வரிக்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. எண்பத்து மூன்று வயதில், எழுந்து நிற்க முடியாமல் செத்தவர் மேல், பெற்ற மகன் கையெழுத்துப் போட்ட வார்த்தை அது. நான் அன்றைக்கு ராத்திரிச் சோறு சாப்பிடவில்லை. சாப்பிடாததால் யாருக்கு என்ன லாபம் என்றும் தெரியவில்லை.

போன வாரம் மேலே போனேன். வக்கீலிடம் சொல்லவில்லை. மழை விட்டு வெயில் அடித்த நேரம், பவுன்தாய் ஸ்டோரில் உலர்ந்த காயைச் சாக்கில் போட்டுத் தேய்த்துக் காம்பு உதிர்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. முன்னால் எழுந்துவிடுவாள். "ஒக்காருங்கண்ணே" என்று ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டாள். நான் ஒரே கேள்வியைத்தான் கொண்டு போயிருந்தேன். "பவுனு, நெலத்த நீ கேட்டியா, அவரா குடுத்தாரா?"

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். "கேட்டேன்" என்றாள். "பொய் சொல்ல மாட்டேன், கேட்டேன். ஐயா, ஒங்களுக்குப் பெறகு எனக்கு என்னா வழி, மகளுக்கு என்னா வழின்னு கேட்டேன். மூணு மாசம் பதிலே சொல்லல. அப்புறம் அவகளே பத்திரம் எழுதுறவர வீட்டுக்கு வரச் சொன்னாக. எழுதுனத முழுக்க வாசிச்சாக. ஒரு எடத்துல சர்வே நம்பரு தப்புன்னு அடிச்சுத் திருத்தச் சொல்லிட்டுத்தான் ஒப்புப் போட்டாக." கையெழுத்தை மேலே ஒப்பு என்றுதான் சொல்வார்கள். அவளே தொடர்ந்தாள். "இன்னொண்ணும் சொல்லிர்றேன். நீங்க போன் பண்ணுனப்ப ரெண்டு மூணு வாட்டி தூங்குறாகன்னு சொன்னேன்ல? முழிச்சுத்தான் இருந்தாக. ஒங்ககிட்ட பேசி, நீங்க வர்றேன்னு சொன்னா, அவக சட்டைய மாத்தச் சொல்லிட்டு வாசலப் பாத்துக்கிட்டே ஒக்காந்துருப்பாக. நீங்க வர மாட்டீக. அன்னைக்குச் சோறு எறங்காது. ஊட்டுறவ நானு. அதான் போனக் குடுக்கல."

தம்பி, இதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தது. அவரிடம் போனைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய இவள் யார் என்று ஒரு பக்கம் தோன்றியது. ஏழு வருஷம் அவரைக் கழுவிவிட்டவள் என்று இன்னொரு பக்கம் பதில் வந்தது. நடக்க முடியாத ஒருவரிடம், மூன்று வேளையும் அவள் ஊட்டிச் சாப்பிடுகிறவரிடம், அவளே இதைக் கொடு என்று கேட்டால், மாட்டேன் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்? இந்தக் கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. பவுன்தாயைத் தெய்வமாக்கி நீ ஏதாவது மனதில் வைத்திருந்தால் அதை மாற்றிக்கொள். அவள் காரியக்காரி. தன் மகளுக்கு ஒரு கூரை வேண்டும் என்று பார்த்தாள், கேட்டாள், வாங்கினாள். ஆனால் அவள் கேட்கும்போது அந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அது நான் உட்கார வேண்டிய இடம்.

கிளம்பும்போது அவள் வாசல் வரைக்கும் வந்தாள். "நெலத்துக்குக் கேஸு நடத்துங்கண்ணே. செயிச்சா எடுத்துக்கோங்க, நான் மறுபடியும் காய் எடுக்கப் போறேன், எனக்கு அது புதுசில்ல. அந்த வார்த்தைய மட்டும் எடுத்துருங்க. நோட்டீசு வந்தன்னைக்கு எம் மகதான் வாசிச்சா. பாதியில நிறுத்திட்டு எம் மூஞ்சியவே பாத்தா. பதினேழு வயசுப் பிள்ள. இல்லடின்னு நான் எப்பிடி அவகிட்டச் சொல்றது? அது போதும்ணே, இதுக்கு மேல ஒண்ணும் கேக்கல." நான் தலையை ஆட்டினேன். ஜீப்பு வளைவு வளைவாக இறங்கும்போது என் பக்கத்தில் உட்கார்ந்த ஆள் போடி வரைக்கும் காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார், நான் ஊம் கொட்டிக்கொண்டே வந்தேன்.

எனக்கு அறுபத்து நாலு ஆகிறது. வலது முழங்கால் படி ஏறினால் சத்தம் போடுகிறது. எனக்கும் ஒரு நாள் தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டியிருக்கும். நீ வேலையை விட்டுவிட்டு வந்து என்னைக் கழுவிவிட வேண்டும் என்று கேட்கவில்லை. எனக்குச் செய்ய வராததை உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. ஒரு ஆளை வை. வைத்துவிட்டு, மாதத்தில் ஒரு நாள் வந்து என் பக்கத்தில் உட்கார். கட்டன் சாயா குடித்துவிட்டு ஓடாதே. வர முடியாது என்றால் வருகிறேன் என்று சொல்லாதே, சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த ஆளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றினால் உன்னிடம் நேரே சொல்லிவிடுவேன். நீ கோபப்படலாம், சண்டை போடலாம், ஆனால் நான் உயிரோடு இருக்கும்போது, என் முகத்துக்கு நேரே போடு. செத்தவரோடு கோர்ட்டில் சண்டை போடுவது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று நான் அனுபவித்துப் பார்த்துவிட்டேன். அவர் திருப்பி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

நேற்று வக்கீலுக்குப் போன் செய்தேன். அந்த அசிங்கமான வரியை எடுக்க வேண்டும், அப்பாவுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது என்று சொன்னதையும் எடுக்க வேண்டும், அது பொய் என்றேன். "ரெண்டும் எடுத்தா பின்னே கேஸில எந்தா உள்ளது?" என்று அவர் கேட்டார். அவள் கேட்டுத்தான் அவர் கொடுத்தார், அது மட்டும் இருக்கிறது என்றேன். அது சரியா தப்பா என்று ஜட்ஜ் சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். பொய்ப் பிரமாணம் கொடுத்ததாக என்மேலேயே நடவடிக்கை வரலாம், அதனால் முதல் வரியை மட்டும் எடுத்துவிட்டு இரண்டாவதைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடுங்கள், உங்கள் மகனையும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம் என்று அவர் புத்தி சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஒரு ராத்திரி முழுக்க எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. கேஸில் தோற்றால் எனக்கு வலிக்கும், தம்பி, அந்த நாலு ஏக்கரில் எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். கூண்டில் என்னை நிற்க வைத்தால் அதற்கும் மேலே வலிக்கும். ஆனாலும் காலையில் எழுந்து, பட்டியலில் உன் பெயர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கோர்ட்டிலிருந்து உனக்குக் கடிதம் வரும். லீவு போட்டுவிட்டு வா. முதல் நாளே வீட்டுக்கு வந்துவிடு, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரே ஜீப்பில் போவோம். உன்னைக் கூண்டில் ஏற்றி, உங்கள் தாத்தாவுக்கு மலையாளம் படிக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியும் என்று சொல். எதிர்த்தரப்பு வக்கீல் அதோடு விட மாட்டார். தாத்தா படிப்பார் என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியுமா என்று அடுத்து கேட்பார். அப்போது என் பக்கம் திரும்பிப் பார்க்காதே. தெரியும் என்று சொல்.

அப்பா